ரேணிகுண்டா கணக்கு

என் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பார்த்து எழுதியது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு முட்டை. முட்டை எனக்குப் புதிதில்லை, அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த வார்த்தையைப் பார்த்ததும் காது இரண்டும் சுட ஆரம்பித்துவிட்டது.

திருப்பதியில் நான் இன்டர்மீடியட் படித்த கல்லூரியின் கணக்கு வகுப்பு அது. பெண்களுக்கு முன் பெஞ்சு, மிச்சமெல்லாம் ஆண்களுக்கு. ஜன்னலுக்கு வெளியே மலை, உள்ளே சாக்பீஸ் தூசி. கணக்கு சார் வீட்டுக் கணக்கு நோட்டுகளை மேஜையில் இரண்டு அடுக்காக வைத்திருந்தார். சின்ன அடுக்கை விரலால் தட்டி, இதில் எல்லாருக்கும் ஒரே தப்பு விடை என்றார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நகரிப் பக்கத்துப் பையன்கள், புத்தூர்ப் பையன்கள், நான். எல்லாரும் காலை ரயிலில் வருகிறவர்கள், எல்லாரும் தமிழ்.

கடைசியாக கங்கி ரெட்டி என்று ஒரு பெயர். வெதுருகுப்பத்துப் பையன், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன். அந்தப் பெயர் அப்போது யார் காதிலும் ஏறவில்லை. என் காதிலும்தான்.

"அரவோள்ளந்தா ஒக்கட்டே," என்றார் சார் தெலுங்கில். தமிழாட்கள் எல்லாம் ஒன்றுதான் என்று அர்த்தம். வகுப்பு சிரித்தது.

வேறு காலமாயிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அது ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போயிருந்த புதிது. எங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் நிற்கும் என்று முடிவாகவில்லை. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் ஒரு நாள் தமிழின் மேல் தார் பூசியிருக்கும், இன்னொரு நாள் தெலுங்கின் மேல். என் பெயர் வேறு தேசம்மா. உனக்கு எந்த தேசம் அம்மா என்று கேட்காத ஆளே கல்லூரியில் கிடையாது.

சார் சிரிப்போடு விடவில்லை. இந்தப் பெயர்களை செலக்‌ஷனில் சேர்க்க வேண்டாம் என்று பிரின்சிபாலுக்கு எழுதிவிட்டார். செலக்‌ஷன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. யுனிவர்சிட்டி பரீட்சைக்கு யார் உட்காரலாம் என்று கல்லூரிதான் பொறுக்கி அனுப்பும். அதில் பெயர் இல்லையென்றால் அந்த வருஷம் போச்சு.

பையன்களுக்கு வருஷம்தான் போகும். எனக்குப் படிப்பே போகும். பெண்பிள்ளை விஷயம், ஆகையால் நாளைக்குத் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வா என்று பியூன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பலகைக்கு அந்தப் பக்கம்

ரயில் பாஸ் எடுத்த கதையை இந்தத் தொடரில் எழுதியபோது ஒரு வாசகர் கேட்டிருந்தார், அந்தக் காலத்தில் பெண்களும் ஆண்களும் ரயிலில் பேசிக்கொள்வீர்களா என்று. பேசினோம் ஐயா. பேசாமல் கணக்கு எப்படிப் போடுவதாம்?

அரக்கோணத்திலிருந்து வரும் பாசஞ்சரில் பெண்கள் பெட்டி என்பது தனிப் பெட்டி இல்லை. ஒரே பெட்டியைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருப்பார்கள். பலகை கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியே அந்தப் பக்கத்துப் பீடிப் புகை இங்கே வரும், இந்தப் பக்கத்து மல்லிகை வாசம் அங்கே போகும். குரலுக்கு என்ன தடை இருக்க முடியும்?

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. யார் ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது, எனக்கு முன்னால் படித்தவர்களிடமிருந்து வந்தது. வண்டி ஓடும்போது யாராவது ஒருத்தர் வீட்டுக் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வழி சொல்லலாம், சண்டை போடலாம். காகிதம் மட்டும் பலகையைத் தாண்டக் கூடாது. யாரும் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. "பிசிக்ஸ் மூணாவது கணக்கு யாருக்கு வந்துச்சி?" என்று கேட்கலாம். பதிலும் அப்படியே பொதுவாக வரும்.

ஓடும் வண்டியில் எழுத முடியாது, கை குலுங்கும். ரேணிகுண்டாவில் இறங்கித் திருப்பதி போகிற சின்ன ரயிலுக்குக் காத்திருக்கும்போதுதான் எழுத்து. பெண்கள் பிளாட்பாரத்தின் இந்தக் கோடி, ஆண்கள் அந்தக் கோடி. அவரவர் நோட்டு, அவரவர் பென்சில். அதனால்தான் வீட்டுக் கணக்குக்கு எங்களிடையே ரேணிகுண்டா கணக்கு என்றே பெயர்.

திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று அந்தப் பக்கத்தில் கை கலப்பு வரை போன நாள் உண்டு. "டேய், உராய்வு கணக்கு ஒன்னு பாக்கி இருக்குடா" என்று ஒரு குரல் கேட்டால் போதும், அடங்கிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் தினமும் வரும் கல்லூரிப் பெண்கள் நானும் அனசூயாவும்தான். நான் ஏகாம்பரகுப்பத்தில் ஏறுவேன், அவள் புத்தூரில். அவள் அப்பாவுக்குப் புத்தூர் ஸ்டேஷனில் வேலை. கிருஷ்ணா நதிப் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த குடும்பம், மாற்றலாகி வந்தவர்கள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குத் தெலுங்கு சந்தைத் தெலுங்கு. இரண்டையும் கலந்து அரட்டை அடிப்போம்.

டி-யை அடித்த கதை

நான் பள்ளியில் தமிழில் கணக்குப் படித்தவள். கல்லூரியில் இங்கிலீஷில் பாடம், தெலுங்கில் திட்டு. கால்குலஸ் ஆரம்பித்த நாளில் சார் போர்டில் டிஎக்ஸ் மேலே, டிடி கீழே என்று எழுதினார். மேலே ஒரு டி, கீழே ஒரு டி. நான் சந்தோஷமாக இரண்டையும் அடித்துவிட்டேன். இவ்வளவு சுலபமா காலேஜ் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ரயிலில் என் நோட்டைப் பார்த்த அனசூயா சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்துவிட்டாள். எனக்குக் கோபம். சிரிக்காதே, சொல்லித் தா என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே தந்திக் கம்பங்களைக் காட்டினாள்.

புத்தூரிலிருந்து ரேணிகுண்டா வரைக்கும் மொத்த தூரத்தையும் நேரத்தையும் வகுத்தால் ஒரு வேகம் வரும், அது சராசரி என்றாள். இந்தக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் மட்டும் பார்த்தால் வேறு வேகம். இப்போது கம்பங்களைக் கிட்டக் கிட்ட நட்டுக்கொண்டே போ, இடைவெளி இல்லாத அளவுக்கு. அப்போது கிடைப்பதுதான் இந்த நிமிஷத்து வேகம். அதைத்தான் அப்படி எழுதுகிறோம், அந்த டி-யைத் தொடாதே.

"அப்போ அந்தக் கம்பத்துக்கு வேகம் எவ்ளோ?" என்றேன் விடாமல்.

"நிக்கற கம்பத்துக்கு வேகம் ஏதே?" என்றாள். மாறாததற்கு விகிதம் பூஜ்யம். அந்த ஒரு வாக்கியம் பிற்பாடு என்னைக் காப்பாற்றும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு பிசிக்ஸில் கப்பி, கயிறு என்றாலே குழப்பம். கயிற்றின் இழுவிசை எந்தப் பக்கம் என்று எப்போதும் தப்பாக அம்பு போடுவாள். நான் பிறந்ததிலிருந்து கயிறும் உருளையும் பார்த்து வளர்ந்தவள். என் தாவணி முனையை ஜன்னல் கம்பியில் சுற்றி, ஒரு நுனியை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுவேன். கை உணர்ந்ததை அம்பாகப் போடு என்பேன். அவள் எனக்குக் கால்குலஸ், நான் அவளுக்கு பிசிக்ஸ். கொடுக்கல் வாங்கல் நேர்.

மாடு, கயிறு, கிணறு

வம்பு வந்தது ஒரு மாட்டால். சார் கொடுத்த வீட்டுக் கணக்கு இதுதான். கிணற்றுக்கு மேலே உருளை. அது மாட்டின் நுகத்தடியை விடப் பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. உருளை மேலே போகிற கயிற்றின் ஒரு நுனியில் தண்ணீர் மொள்ளும் சால், மறு நுனியில் மாடு. மாடு சமதரையில் விநாடிக்கு ஐந்து அடி வேகத்தில் கிணற்றை விட்டு விலகி நடக்கிறது. அது பதினாறு அடி தூரத்தில் இருக்கும் அந்த நிமிஷத்தில் சால் எவ்வளவு வேகத்தில் மேலே வரும்?

நான்தான் ரயிலில் உரக்கப் படித்தேன். படித்து முடிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இதில் என்ன கணக்கு இருக்கிறது? மாடு ஐந்து அடி நடந்தால் சால் ஐந்து அடி ஏறும். எங்கள் வீட்டுக் கிணற்றில் தினமும் பார்க்கிறேன்.

கவலை இறைப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. எல்லாம் கிணறுதான். கிணற்று மேட்டிலிருந்து மாடு இறங்கிப் போக நீளச் சரிவு ஒன்று வெட்டியிருப்பார்கள். மாடு அந்தச் சரிவில் இறங்கும், சால் ஏறும். ஓட்டுகிறவர் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார், அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். தண்ணீர் கொட்டியதும் மாடு பின்பக்கமாகவே மேடேறும். நைனா, அதாவது என் அப்பா, கயிற்றில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இறங்குவது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. சுருதி சேராது, ஆனால் மாட்டுக்கு அது போதும்.

அனசூயா ஒத்துக்கொள்ளவில்லை. முக்கோணம் வருகிறது, பித்தாகரஸ் போட வேண்டும், விடை நாலு என்றாள்.

"மாடு அஞ்சு நடந்தா சால் நாலு வருமா? மிச்சம் ஒன்னை யாரு துன்னுட்டாங்க?" என்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் கொல்லென்று சிரிப்பு. அதுதான் சரி, அஞ்சுதான் என்று குரல்கள் வந்தன. எல்லாம் கிணற்றுத் தண்ணீர் குடித்த குரல்கள்.

"நேல சமம் அனி ராசுந்தி கதே," என்றாள் அனசூயா. தரை சமம் என்று எழுதியிருக்கிறதே என்கிறாள்.

சமதரையில் எந்த மடையனும் கவலை ஓட்ட மாட்டான், நீ மாட்டையே கிட்டத்தில் பார்த்ததில்லை என்று நான் அடித்துப் பேசிவிட்டேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். ரேணிகுண்டாவில் அவள் நாலு என்று எழுதினாள், நான் ஐந்து என்று எழுதினேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலும் ஐந்துதான் எழுதப்பட்டது. மறுநாள் சார் மேஜையில் இரண்டு அடுக்கு.

நைனா வந்தார்

என்னைப் படிக்க அனுப்பியதே நைனாவின் கோபத்தால்தான். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தரம் கவிழ்ந்து, மூன்றாம் தரம் ஃபீஸ் கட்டமாட்டேன் என்று நைனா சொல்லிவிட்டார். அவன் பங்கையும் சேர்த்து நீயே படி என்று என்னிடம் திரும்பினார். ஊரில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். நைனா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"ரயில்ல போய்க்கினு வரே, சந்தோசம். உன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுல உழுந்துச்சின்னா அன்னியோட நிப்பாட்டிடுவேன். அப்புறம் அழுவக் கூடாது."

காகிதம் தாண்டக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது என்ற எங்கள் ஏற்பாடெல்லாம் இதற்குத்தான். என் வீட்டில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கண்டிஷன் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். பார்த்து எழுதினேன் என்கிறார்கள், நான் எழுதவில்லை, நீ வரவேண்டும் என்றேன். யாரைப் பார்த்து என்று கேட்டார். ரயிலில் வரும் பையன்களை என்றேன். நைனா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

காலையில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் ஆண்கள் பக்கத்தில் ஏறினார், நான் இந்தப் பக்கம். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. தேசம்மாவின் அப்பா என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. புத்தூரில் அனசூயா ஏறினாள். யாரும் எதையும் படிக்கவில்லை.

அந்த அமைதியில்தான் சார் வாசித்த பெயர்கள் ஒவ்வொன்றாக எனக்குள் திரும்ப ஓடின. கடைசிப் பெயர் வந்ததும் நான் அனசூயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கங்கி ரெட்டி நம்ம ரயிலே இல்லடீ," என்றேன்.

அவன் ஊரில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். வெதுருகுப்பத்தில் வேறென்ன, கிணறுதான் என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பயம் போய் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் நான் நன்றாகப் பேசுவேன், இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம்.

ஐந்தும் நாலும்

பிரின்சிபால் அறையில் நைனாவை உட்காரச் சொன்னார்கள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கணக்கு சார் நோட்டை விரித்து, இதே விடையைப் பையன்களும் எழுதியிருக்கிறார்கள் என்று நைனாவுக்குத் தெலுங்கில் விளக்கினார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, கண்ணில் பட்டதை நம்பினார், அவ்வளவுதான்.

நான் பேசலாமா என்று கேட்டேன். பேசு என்றார்கள்.

"சார், இந்தப் பசங்க எல்லாம் என்கூட ரயில்ல வந்து பாத்து எழுதினாங்கன்றீங்க. சரி. கங்கி ரெட்டி எந்த ரயில்ல வந்தாரு?"

சார் நோட்டுகளைப் புரட்டினார். கங்கி ரெட்டியின் நோட்டை வெளியே எடுத்தார். திரும்ப வைத்தார்.

விடுவேனா? அதே ரயிலில், என் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிற அனசூயா நாலு என்று சரியாக எழுதியிருக்கிறாள், பார்த்து எழுதுகிறவளாக இருந்தால் நான் கைக்கெட்டும் சரியான விடையை விட்டுவிட்டுத் தப்பைப் போய்ப் பொறுக்குவேனா என்றேன். பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்படியானால் எல்லாருக்கும் எப்படி ஐந்து வந்தது என்று கேட்டார் சார். நியாயமான கேள்வி. பக்கத்து வகுப்பு காலியாக இருந்தது, எல்லாரும் அங்கே போனோம். போர்டில் கிணறு வரைந்தேன், உருளை வரைந்தேன், சரிவு வரைந்தேன். மாடு வரையத் தெரியாது, ஒரு பெட்டி போட்டேன். கயிறு சரிவோடு ஒட்டியே போகிறது, மாடும் கயிற்றின் வழியிலேயே இறங்குகிறது, ஆகையால் மாட்டின் வேகம்தான் சாலின் வேகம். கிணற்று ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும், தமிழோ தெலுங்கோ, ஐந்து என்றுதான் சொல்லுவார்கள் என்றேன்.

சார் வாய்க்கால் ஊர்க்காரர். சரிவு எத்தனை நீளம், மாடு எப்படித் திரும்பும் என்று கேட்டுக்கொண்டே போர்டைப் பார்த்து நின்றார். பிறகு ஒன்று கேட்டார். பார்த்து எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரயிலில் வரும் அந்தப் பையன்களும் இதே வழிதான் எழுதியிருக்கிறார்கள், ஒரு வரி மாறாமல். இதைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டீர்களா?

பொய் சொல்லியிருக்கலாம். வாசலில் நைனா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பேசினோம் சார். ரயில்ல நடுப் பலகைக்கு மேலால வாயால பேசுவோம். கணக்கு மட்டும்தான். காகிதம் போவாது, பேரு சொல்ல மாட்டோம்."

நைனா தரையைப் பார்த்தார். சார் சொன்ன குற்றம் அந்த நிமிஷமே ஒன்றுமில்லாமல் போயிற்று, நைனா போட்ட கண்டிஷனை நானே என் வாயால் உடைத்துவிட்டேன். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சார் சாக்பீஸை என் கையில் கொடுத்தார். சரிவில் உன் ஐந்து சரி, ஆனால் நான் கேட்டது சமதரை, அதைப் போட்டுக் காட்டு என்றார்.

முக்கோணம் போட்டேன். உயரம் பன்னிரண்டு, தரையில் பதினாறு, கயிறு இருபது. மூன்றின் வர்க்கத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விகிதம் எடுக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. இதற்கு என்ன போடுவது? தந்திக் கம்பம் ஞாபகம் வந்தது. உருளை எங்கே போகிறது, அது நிற்கிறது. நிக்கற கம்பத்துக்கு வேகம் ஏதே? அந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன். பதினாறை ஐந்தால் பெருக்கி இருபதால் வகுத்தேன். நாலு.

எழுதிவிட்டு நானே அந்த நாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சமதரையில் மாடு பக்கவாட்டில் நடக்கிறது, கயிறு சாய்வாகப் போகிறது. மாட்டின் நடையில் ஒரு பங்கு கயிற்றுக்கு வந்து சேர்வதே இல்லை. அனசூயாவிடம் யார் துன்னுட்டாங்க என்று கேட்ட அந்த ஒரு அடி இங்கேதான் போகிறது. கால்குலஸ் அன்றைக்குத்தான் எனக்குச் சொந்தமாயிற்று.

சார் என் நோட்டில் அந்த வார்த்தையை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற நோட்டுகளிலும் அடித்தார், செலக்‌ஷனில் எங்கள் பெயர்கள் இருக்கட்டும் என்று பிரின்சிபாலிடம் சொன்னார். முட்டை அப்படியே இருக்கட்டும் என்றார், கேட்ட கேள்விக்கு விடை அது இல்லை. இருக்கட்டும் சார் என்றேன். அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும், தமிழாட்கள் எல்லாம் ஒன்று என்றது தப்பு, கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள் எல்லாம் ஒன்று என்று திருத்திச் சொன்னார். கங்கி ரெட்டிக்குத்தான் அதில் ரொம்பச் சந்தோஷம்.

பின்னால் எல்லை முடிவாகி, திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். கோடு எங்கே விழுந்தாலும் இரண்டு பக்கமும் மாடு சரிவில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் ரயில்

திரும்பும்போது நைனா பேசவில்லை. திருப்பதி ஸ்டேஷனில் எனக்கும் அனசூயாவுக்கும் சீத்தாப்பழம் வாங்கிக் கொடுத்தார். ரேணிகுண்டாவில் பெரிய ரயில் வந்ததும் நேராக ஆண்கள் பக்கம் ஏறிவிட்டார். பையன்களுக்கும் அதே வண்டிதான், வேறு வழியில்லாமல் அவர்களும் பின்னால் ஏறினார்கள்.

வண்டி கிளம்பியது. கரித்தூள் பறந்து வந்து கண்ணில் விழுந்தது. அது கரித்தூள் என்றுதான் அனசூயாவிடமும் சொன்னேன். என் லாகரிதம் டேபிளை எடுத்து, நீயே வைத்துக்கொள், எனக்கு இனிமேல் எதற்கு என்று அவள் மடியில் வைத்தேன். அவள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று திருப்பித் தள்ளினாள். அந்தப் புஸ்தகம் இரண்டு மடிக்கும் நடுவில் பெஞ்சில் கிடந்தது.

நான் மனதுக்குள் நைனாவோடு வாதாடிக்கொண்டிருந்தேன். செலக்‌ஷனில் பெயர் இருக்கிறது, பரீட்சை மட்டுமாவது எழுத விடு என்று கேட்க வேண்டும். அழக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகப் பேசுவது கேட்டது. சக்கரச் சத்தத்தில் வார்த்தை பிடிபடவில்லை. நைனாவின் குரலும் நடுவில் இருந்தது. பையன்களைத் திட்டுகிறார் என்று நினைத்தேன்.

"தேசம்மா."

பலகைக்கு மேலே யார் பெயரும் அதுவரை வந்ததில்லை. அனசூயா என்னைப் பார்த்தாள்.

"இன்னா நைனா?"

"இந்தப் புள்ளைங்க ரெண்டு பேரு இன்னும் அஞ்சுதான் வரும்ன்றாங்க. சமதரைல அது எப்டி நாலாச்சின்னு கொஞ்சம் உரக்கச் சொல்லு. எனுக்கும் புரியணும், மெதுவா சொல்லு."

நான் பெஞ்சின் மேல் ஏறி, பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தூர் வருவதற்குள் இரண்டு தடவை சொல்லி முடித்தேன்.